திரைக்கு அந்தப் பக்கம்

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணியின் வாய் ஓய்வதாக இல்லை. நிருஜா கண்களை இறுக மூடி, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுப் பார்த்தாள். அப்படியும் பேச்சு காதில் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

டெல்லியிலிருந்து ரொறன்ரோ வரும் அந்த விமானத்தில் பணிப்பெண்களுக்குத் தனிப் படுக்கை கிடையாது. வாலில் நாலு இருக்கை, சுற்றிவர ஒரு திரை, அவ்வளவுதான். உள்ளே போனால் ஓய்வு நேரம் முடியும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. நித்திரை வந்தாலும் வராவிட்டாலும் கிடந்து புரள வேண்டியதுதான்.

"உந்தத் திரைக்கு முன்னாலை ஒரு அன்ரி இருக்கிறா. நல்ல சீற்றை விட்டிட்டு, கேட்டு மாறி வந்து இருக்கிறா. தமிழ் ஆள், கவனம். குறட்டை விட்டா ஊரெல்லாம் பரவிடும்" என்று சக ஊழியன் றெமிஜியஸ் சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

நிருஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற ஞாயிறு றிச்மண்ட் ஹில் கோயிலில் அவளுக்குக் கலியாணம். அதற்கு முன் இதுதான் கடைசிப் பயணம். வீங்கிய கண்ணோடு மணவறையில் போய் இருக்க முடியுமா?

"மாப்பிளைப் பெடியன் இருக்கிறது அஜக்ஸிலை" என்றது குரல். "வாற ஞாயிறு கலியாணம். பொம்பிளை மில்லிக்கன் பக்கம். பிளேனிலை வேலை."

நிருஜா போர்வையை விலக்கினாள். தன்னைப் பற்றித்தான்! இனி என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஊர் ஊராகத் திரிகிற வேலை, எந்த ஹோட்டலில் தங்குகிறாளோ, யாரோடு பழகுகிறாளோ. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பொம்பிளை தங்கமான பிள்ளை. பாவம், அதுக்கு ஒண்டும் தெரியாது. பெடியனுக்கு யாழ்ப்பாணத்திலை ஏற்கெனவே எழுத்து முடிஞ்சுது."

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். நிருஜா எழுந்து உட்கார்ந்தாள்.

"போன முறை ஊருக்குப் போனவன், ஒரு பிள்ளையை எழுதிப்போட்டு, ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவன். அது இண்டைக்கும் பாத்துக்கொண்டு இருக்கு. இவன் இஞ்சை இன்னொருத்திக்குத் தாலி கட்ட நிக்கிறான்."

பொய். யாரோ வயிற்றெரிச்சலில் கட்டிவிட்ட கதை. 'உண்மையோ?' என்று பக்கத்தில் இருப்பவராவது ஒரு வார்த்தை கேட்பார் என்று நிருஜா எதிர்பார்த்தாள். ஒரு 'ம்' கூட வரவில்லை. கேட்டவர் வாயடைத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"அதுதான் இஞ்சை எழுத்தைப் பிறகு பாப்பம் எண்டு தள்ளிக்கொண்டு வாறான். ஒருத்தன் ரெண்டு எழுத்து எழுத ஏலுமே?"

'முதல்லை தாலியைக் கட்டுவம் நிருஜா, பேப்பர் வேலையைப் பிறகு ஆறுதலாச் செய்வம்.' அவளைக் கட்டப்போகிற லக்ஷன், இருவரும் தனியாக இருக்கும்போது சொன்னது அது. அவள் இன்னும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எழுந்து போய்க் கேட்டே விடுவது என்று காலை ஊன்றினாள். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கி, இருக்கைப் பட்டி விளக்கு எரிந்தது. திரும்பவும் உட்கார்ந்து பட்டியை மாட்டிக்கொண்டாள். ஒரு போன் எடுக்கவும் வழியில்லை, ஓடித் தப்பவும் இடமில்லை. இறங்கினால் வாசலில் பூங்கொத்தோடு அவன் நிற்பான். அழுகையும் ஆத்திரமுமாக அந்த மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள்.

"பெடியன்ர தாய்க்கு எல்லாம் தெரியும்." குரல் இப்போது கரகரத்தது. "ஆனா அவன் தாயின்ர கையைப் பிடிச்சுத் தன்ர தலையிலை வைச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டான், பொம்பிளையோடை உதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாதெண்டு. ஒரே பிள்ளை. சத்தியத்தை மீறினா அவனுக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு அவவுக்குப் பயம்."

நல்ல தாய்! நிருஜாவுக்குக் கொதித்தது. தன் பிள்ளையின் தலைக்குப் பயந்து என் தலையில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தாளே!

விளக்கு அணைந்தது. ஓய்வு நேரமாவது ஒன்றாவது என்று பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காதில் ஹெட்போனை மாட்டியபடி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். நடு இருக்கை காலி. இந்த ஓரத்தில், சால்வையால் தலையைப் போர்த்தி, அழுது சிவந்த கண்களோடு ஓர் அம்மா.

வேறு மாகாணத்தில் இருப்பதால் வீடியோ அழைப்பில் ஒரே ஒருமுறை பார்த்த முகம். அன்றைக்குக் கணவருக்குப் பின்னால் நின்று, கடைசிவரை வாயே திறக்காமல் இருந்த முகம். கலியாணக் கூறைச்சேலை எடுக்க இந்தியா போயிருந்த தெய்வநாயகி. லக்ஷனின் தாய்.

"மாமி!" நிருஜாவின் குரல் உடைந்தது. "நீங்களோ இவ்வளவு நேரமும் என்னோடை கதைச்சனீங்கள்?"

தெய்வநாயகி பதறிப்போய், அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயோ, நான் உம்மோடை ஒரு சொல்லும் கதைக்கேல்லைப் பிள்ளை... உந்தத் திரையோடைதான் கதைச்சனான்."