தலைக்கவசம் கழன்ற நாள்

சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கென வந்த தலைக்கவசச் சட்டம், பிறகு வாசல் தாண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றானது. காதையும் சேர்த்து மூடும் அதை, நடை பழகும் நாளிலிருந்து பதினாறு முடியும்வரை வெளியில் கழற்றக் கூடாது.

மகள் ஸ்டெனிக்குப் பதினாறு வயது நிறைந்த காலையில், பிளாரன்ஸ் அவளுக்குத் தலைவாரி, வெறுந்தலையோடு சைக்கிளில் அனுப்பினாள். அந்த முடி காற்றில் பறப்பதைப் பார்க்க அவளுக்கு அத்தனை ஆசை.

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போன ஸ்டெனி, பிரேக் பிடித்து இறங்கிக் காதுகளைப் பொத்திக்கொண்டாள். பிளாரன்ஸ் பதறி ஓடினாள்.

"காதுக்குள்ள என்னமோ இரையுதும்மா."

"அது காத்துதான்ளா."

"இதை நிப்பாட்ட முடியாதா?"

பிள்ளை காதிலிருந்து கையை எடுக்கவில்லை. பிளாரன்ஸ் வீட்டுக்குப் போய்த் தலைக்கவசத்தை எடுத்துவந்து, தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.