நாற்பதாம் கொக்கி

ஓவியத்தில் இருந்த கிறிஸ்தவ ஆயரின் மூக்கு, பக்கத்து வீட்டு கவ்ரிலாவின் மூக்கு மாதிரியே இருந்தது. அதை என் மனைவி டொய்னாவுக்குக் காட்ட விரலை நீட்டினேன். அலாரம் அலறியது.

"விரலை மடக்குங்க ஐயா," என்றபடி அருங்காட்சியகத்தின் அறைக்காவல் அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

டொய்னாவைப் பார்த்தேன். இந்த மாதிரி இடத்தில் "இந்தாள் யாருன்னே எனக்குத் தெரியாது" என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம்.

இன்று அதைக்கூடச் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போனாள்.

காலையிலிருந்தே இப்படித்தான். எங்கள் ஊரான டேஜிலிருந்து க்ளூஜ் நகரத்துக்கு ஒருநாள் பயணம். அதற்கு அவள் ஒரு பெட்டி எடுத்து வந்திருந்தாள். க்ளூஜில் அவள் தங்கை இருக்கிறாள்.

ரயிலில் கேட்டேன். "சாயங்காலம் என்கூட வீட்டுக்கு வருவே இல்ல?"

"முதல்ல படத்தைப் பாப்போம்."

"பெட்டி எதுக்கு? பிடிச்ச படத்தைக் கழட்டிக் கொண்டுவரவா?"

"உன்கிட்ட பேசுறதுக்கு சுவத்துகிட்ட பேசலாம், சில்வியு. அது ஜோக் அடிக்காது."

அருங்காட்சியக வாசலில் கோட்டுகளை ஒப்படைத்தோம். கணவன் மனைவி என்றால் ஒரே கொக்கி, அதன் எண் பொறித்த ஒரே பித்தளை வில்லை. எங்கே போனாலும் அதுதான் வழக்கம். கோட்டு வாங்கும் அம்மாளும் ஒன்றைத்தான் நீட்டினார்.

"தனித்தனியா குடுங்க," என்றாள் டொய்னா.

அவள் கோட்டும் பெட்டியும் முன்வரிசையில் நாற்பதாம் கொக்கிக்குப் போயின. என் கோட்டு உள்ளே எங்கோ இருட்டுக்குள் போயிற்று.

இப்போது அறைக்காவல் அம்மாள் என்னைத் திட்டி முடித்துவிட்டுக் கேட்டார். "தனியாவா வந்தீங்க?"

"சாயங்காலம்தான் தெரியும்."

ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னேன். குரல் ஜோக் மாதிரி வரவில்லை. அடுத்த அறையில் காலடிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தூரமாகப் போயிற்று.

நான் போய்ப் பார்த்தபோது அங்கே அவள் இல்லை. அதற்கடுத்த அறையிலும் இல்லை.

"நீலக் கம்பளிச் சட்டை போட்ட அம்மாவைப் பாத்தீங்களா?"

"நான் படங்களைத்தான் பாக்குறேன்," என்றார் ஒரு காவல் அம்மாள். "அது என் அறை இல்ல," என்றார் இன்னொருவர், கையிலிருந்த பின்னல் வேலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பளிங்குப் படிகளில் இறங்கி ஓடினேன். எதிரே ஏறி வந்த பள்ளிக்கூடக் கூட்டம் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டது. எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று நினைத்திருக்கும்.

நாற்பதாம் கொக்கி காலியாக இருந்தது. அதன் கீழே பெட்டியும் இல்லை.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

கோட்டு அம்மாள் எள் தூவிய வளைய ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"நாற்பதாம் நம்பர்... அவங்க போயிட்டாங்களா?"

விழுங்கினார். மடியில் விழுந்த எள்ளைத் தட்டிவிட்டார்.

"எங்கயும் போகல. வில்லையைத் திருப்பிக் குடுத்துட்டு உங்களைத் தேடி அந்தப் பக்கப் படி வழியா மேல போயிருக்காங்க. கோட்டு, பெட்டி எல்லாத்தையும் உங்க கொக்கிக்கே மாத்தச் சொன்னாங்க. ரெண்டு குளிர்கோட்டை அது தாங்காதும்மான்னு சொன்னேன். தாங்கும், மாட்டுங்கன்னுட்டாங்க."