துரையில் ஆளுக்கொரு பங்கு

"நாய் எனக்கு. சாம்பிள் அவளுக்கு. அவகிட்ட சொல்லிடுங்க டாக்டர்!"

"நாய் எனக்கு. சாம்பிள் அவருக்கு. அவர்கிட்ட சொல்லிடுங்க டாக்டர்!"

புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பேச்சு மட்டும் கால்நடை டாக்டரம்மா வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

விவாகரத்துக்கு மனுப் போட்டாயிற்று. வீடு, கார், சோபா வரைக்கும் பிரித்தாயிற்று. பாக்கி இருப்பது துரை மட்டும்.

துரை வயசான நாய். பஞ்சாயத்தே தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமல், தாடையை அவன் செருப்பின் மேலும் வாலை அவள் காலடியிலும் போட்டுப் படுத்திருந்தது.

"சாம்பிள் எடுத்து வைக்கிற யோசனை யாரோடது?" என்றார் டாக்டரம்மா.

"வக்கீலோடது."

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். டாக்டரம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. இதென்ன சோபாவா, பங்கு போட்டுக்கொள்ள?

"தோல்ல கடுகளவு எடுத்து ஐஸ் பெட்டியில வச்சு மூடித் தருவேன். லேபுல கொண்டுபோய்க் குடுத்தா உறைய வச்சிருப்பாங்க. என்னைக்காவது ஒரு நாள் அதுலேருந்து இதே மாதிரி ஒரு குட்டியை உருவாக்கலாம். உருவம் வரும். துரையே திரும்பி வந்துடும்னு நினைச்சுடாதீங்க."

"தெரியும் டாக்டர்."

"இன்னொண்ணு. ஊசியைப் பார்த்தாலே இது துள்ளும். மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். இதயம் ஏற்கெனவே பலவீனம். முதலுக்கே மோசமானாலும் ஆகலாம்."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பதுதானே அந்த வீட்டில் பிரச்சினையே!

"பரவாயில்ல, எடுங்க," என்றான் அவன்.

"எடுத்துடுங்க," என்றாள் அவள்.

அடப்பாவிகளா! ஒத்துப்போவதற்கு இந்த விஷயம்தானா கிடைத்தது? டாக்டரம்மா இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார். துரையை மேஜை மேல் ஏற்றினார். மருந்தை எடுக்கத்தான் கை வரவில்லை.

கதவு திறந்தது. அவன்தான்.

"போனை விட்டுட்டேன் டாக்டர்."

போன் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஊசி போடாதீங்க. காலிப் பெட்டியை ஒட்டி என் கையில குடுத்துடுங்க. துரையை அவளே கூட்டிட்டுப் போகட்டும்."

"அப்போ உங்க பங்கு?"

"என் பங்கு எனக்கு வந்துடுச்சுன்னு நம்பினாத்தான் அவ நிம்மதியா இருப்பா. இல்லேன்னா, என்கிட்டேருந்து பிடுங்கிட்டோமேன்னு தினமும் அழுவா. எனக்கு அவளைத் தெரியும் டாக்டர். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. மனசுக்குள் திட்டியதை எல்லாம் நினைத்து அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அவன் துரையின் காதைத் தடவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

காலிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு மறுபடியும் திறந்தது. இந்தத் தடவை அவள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மேஜை மேல் நின்று வாலாட்டிய துரையைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"டாக்டர், துரை அவர்கிட்டயே இருக்கட்டும். அந்தப் பெட்டியை எனக்குக் குடுத்துடுங்க."

டாக்டரம்மாவுக்குத் தர்மசங்கடம். இவள் பெட்டியை நம்பி எடுத்துக்கொண்டு லேபில் போய் நின்றால்?

"இல்லம்மா... அது வந்து... அதுல..."

"அதுல ஒண்ணும் இருக்க வேண்டாம் டாக்டர்! அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். மயக்க ஊசி எல்லாம் வேண்டாம். காலிப் பெட்டியே போதும். எனக்கும் ஒரு பங்கு கிடைச்சுதுன்னு தெரிஞ்சாத்தான் அந்த மனுஷன் துரையைப் பக்கத்துல போட்டுக்கிட்டு நிம்மதியா தூங்குவாரு."

டாக்டரம்மா கொடுத்த சத்தியத்தை அந்த நிமிஷமே காற்றில் பறக்கவிட்டார். கதவைத் திறந்து வெளியே பார்த்துக் கூப்பிட்டார்:

"சார், கொஞ்சம் உள்ள வாங்க. உங்க காலிப் பெட்டிக்குப் போட்டியா இன்னொருத்தர் வந்திருக்காங்க!"