யார் பேரில் பாஸ்வேர்டு?

"வாசல் கேமராவுல இன்னா லைட் எரியுது?" துபாயிலிருந்து தபரேஸ் போனில் கத்தினான்.

"சிவப்புதாங்க. வைஃபை கிடைக்கல." மனைவி ஹுமேராவின் கண் கடிகாரத்தில் இருந்தது.

"பாஸ்வேர்டு என் பேருதானே? ஒழுங்கா அடிச்சியா?"

"அடிச்சிட்டேங்க. தப்புன்னே வருது."

"நீ வெளிய போறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு பண்றியா? அம்மிகிட்ட குடு!"

மாமியார் போனை வெடுக்கென்று பிடுங்கினாள். "பக்கத்துலயேதான்டா நிக்கிறேன். இவ சரியாத்தான் அடிக்கிறா. கேமராதான் பேஜார் பண்ணுது." போனை வைத்தாள்.

பிறகு, ஷூ கம்பெனியின் புது அடையாள அட்டையை மருமகள் கழுத்தில் மாட்டினாள். "மொத நாளே லேட்டு ஆவாத. கம்பெனி பஸ் வந்துடும்."

ஹுமேரா வாசல் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "கேமரா வந்துட்டா, அம்மி?"

"அவன் பேர அடிச்சா எப்டி வரும்? காலைலயே பாஸ்வேர்ட உன் பேருக்கு மாத்திட்டேன்."