எஸ்தரின் பிஸ்டல்

கண்ணை மூடிக்கொண்டு கலாமணி கையை உயர்த்தினாள்.

தோள் உயரத்தில் கை தானாக நின்றது. கண்ணைத் திறந்தாள்.

பிஸ்டல் நுனியின் முன்குறி இலக்கைவிட்டு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இந்தத் தடவையும்.

பிஸ்டலை மேஜையில் வைத்தாள். வைத்த கையோடு மறுபடி எடுத்தாள்.

புதுசு. உள்நாட்டில் செய்த, காற்றில் சுடுகிற ஏர் பிஸ்டல். பெட்டியில் பிளாஸ்டிக் வாசனைகூட இன்னும் போகவில்லை. அவள் கொண்டுவந்த பணத்துக்குள் அடங்கும். இரண்டு மாதம் சுட்டால் கை பழகிவிடும் என்று சொல்லிவிட்டு, துப்பாக்கி சுடும் கிளப்பின் மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

மாநிலப் போட்டிக்கு இருபது நாள்தான் இருந்தது.

கலாமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க நின்றுகொண்டு, தையல் விட்டுப்போன இடத்தைத் தேடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பிடித்துக் கோவைக்கு வந்து, கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுடுவாள். ஆளுக்கு ஆள் பிடித்துப் பிடித்து அதன் கைப்பிடி யாருக்கும் சேராமல் போயிருந்தது. போன வருடம் அதை வைத்துக்கொண்டே ஒரே ஒரு புள்ளியில் தேசியப் போட்டியைத் தவறவிட்டாள்.

மேஜையில் இன்னொரு பெட்டி இருந்தது.

கிளப்பில் அவளுக்கு மூத்தவளான எஸ்தருடையது. ஒன்பது வருடம் அவள் சுட்ட ஜெர்மன் பிஸ்டல். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டுக்குள் தகடு வைத்த பிறகு, அவளால் அந்த ஒரு கிலோவை நீட்டிப் பிடிக்க முடியவில்லை. மாஸ்டர் சொன்னதால் விற்கக் கொண்டுவந்திருந்தாள். கலாமணியிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அதே விலைக்கு இறங்கிவந்தாள்.

ஏன் இவ்வளவு இறங்கினாள் என்று கலாமணிக்குப் புரியவில்லை.

எஸ்தருடையதைக் கையில் எடுத்துக் கண்ணை மூடினாள். கையை உயர்த்தினாள். திறந்தாள்.

நேராக நின்றது.

மறுபடியும். நேராக.

ஐந்து குண்டு சுட்டாள். நான்கு பத்து, ஒரு ஒன்பது.

போய்த் தண்ணீர் குடித்தாள். ஜன்னல்வரை நடந்தாள். திரும்பி வந்து புதுசை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

எஸ்தர் ஓரத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் திரை அணைந்திருந்தது.

காற்று நிரப்புவதற்காகக் கலாமணி குழலுக்கு அடியில் இருந்த சிலிண்டரைத் திருகிக் கழற்றினாள். கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது.

ஒரு லேபிள். பள்ளிக்கூட நோட்டில் ஒட்டுகிற மாதிரி. நீல மையில் எஸ்தர் என்று எழுதியிருந்தது.

ஒன்பது வருடப் பிஸ்டலில் அது மட்டும் புதுசு.

ஓரத்தை நகத்தால் நெம்பினாள். அடியில் சிலிண்டர் செய்த தேதி பொறித்திருந்தது.

போட்டியில் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். ஒரு நாள் கூடினாலும் சோதனை மேஜையிலேயே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். இதற்கு அடுத்த வாரம் பத்து வருடம் முடிகிறது. வேறு சிலிண்டர் டெல்லியிலிருந்து வரவேண்டும். அதற்கு அவளிடம் பணமில்லை.

நிமிர்ந்து எஸ்தரைப் பார்த்தாள்.

போன வருடப் போட்டியில், பாதியில் கலாமணியின் ட்ரிகர் திருகு கழன்றுவிட்டது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த எஸ்தர் தன் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு, தன் பையைக் கொட்டி, ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கடிகாரம் எஸ்தருக்கும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கேட்டால் எஸ்தர் உண்மையைச் சொல்லலாம். பொய்யும் சொல்லலாம். அந்தப் பொய்யைக் கேட்கத்தான் கலாமணிக்குத் தெம்பில்லை.

லேபிளை அழுத்தி ஒட்டினாள். ஓரம் எழும்பாதபடி இன்னொரு தரம் தேய்த்துவிட்டாள்.

இந்தப் பிஸ்டலைப்பற்றி வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். எஸ்தர் இல்லை என்று தலையை ஆட்டினாள். கலாமணியின் முகத்தைப் பார்க்காமல்.

மாஸ்டர் வந்தார். எது என்று கேட்டார்.

கலாமணியின் கை பழைய பெட்டியின் மேல் இருந்தது.

எஸ்தர் பணத்தை எண்ணவில்லை. வலது கை மடங்காததால் இடது கையால் வாங்கிக்கொண்டாள். இடது கையால் வாங்கியதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

அதற்கு மட்டும்.

திருப்பூர் பஸ்ஸில் கலாமணிக்கு உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கால் நிலைகொள்ளாமல் ஆடியது. பெட்டியும் சேர்ந்து ஆடியது. பக்கத்தில் இருந்த பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

கை நேராக நின்றதே, அதனால்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அது பொய்யாகத் தெரிந்தது. எஸ்தர் மேல் பாவப்பட்டு வாங்கினேன் என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் ஒட்டவில்லை. இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள்.

கருமத்தம்பட்டி தாண்டும்போது போன் அடித்தது.

எஸ்தர்.

அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுத்தாள். முதலில் வண்டிகளின் இரைச்சல்தான் கேட்டது. எஸ்தரும் தெருவில்தான் எங்கோ நின்றுகொண்டிருந்தாள்.

"கலா, அந்த சிலிண்டர்ல..."



"பார்த்துட்டேன்க்கா."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எஸ்தரின் மூச்சு கேட்டது. எப்போது பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை.

அவிநாசி இறங்குகிறவர்களை முன்னால் வரச்சொல்லிக் கண்டக்டர் விசிலை ஊதினார். யாரோ பெட்டியை இடித்துக்கொண்டு போனார்கள். பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, கிளம்பியது.

கலாமணி போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

எஸ்தரும் வைக்கவில்லை.