தம்பியின் கையெழுத்து

1976 மார்கழி. மெல்பேர்ன் ஆவணக் கிடங்கில் பெட்டி சுமக்கும் மகேந்திரராஜாவிடம், ஆதிக் குடியேறிகளைப் பற்றி ஆராயும் சிவனேஸ்வரி பழைய வரிப் புத்தகமொன்றைக் காட்டினாள்.

“இந்தக் காணி அண்ணன் தம்பி ரெண்டு பேரின்ர. முப்பது வருசமா ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சு வரி கட்டியிருக்கினம். ஆனா தம்பி ரெண்டாம் வருசமே செத்திட்டானெண்டு கல்லறை சொல்லுது. பேயோ வந்து கட்டினது?”

தம்பியின் கையெழுத்து மட்டும் கோணி நடுங்கியிருந்தது.

“எனக்கென்ன தெரியும், அக்கா?” என்று மகேந்திரராஜா புத்தகத்தை மெல்ல மூடினான்.

மாலையில் தபாற்கந்தோரில், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இரண்டு பொங்கல் சேலைப் பொதிகளை வைத்தான். ஒன்றில் அனுப்புபவராகத் தன் பெயரை எழுதினான். பிறகு பேனையை இடக்கைக்கு மாற்றி, போன வருடம் டண்டினொங் தொழிற்சாலையில் செத்துப்போன தம்பியின் பெயரை மற்றதில் எழுதினான்.