கட்டிலில் ஒரு கால்

அக்கால வழக்கப்படி, மன்னருக்குப் பதிலாக அவருடைய தூதர் மணப்பெண்ணின் கட்டிலில் வெறுங்காலை வைத்தால் திருமணம் முடிந்துவிடும். வடநாட்டுத் தூதர் ஆன்செல்மும் தென்னாட்டுத் தூதரும் ஒரே மாலையில் வந்து சேர்ந்தார்கள். யார் கால் முதலில் படுகிறதோ அந்த நாட்டோடு உறவு, மற்றதோடு போர். ஐரோப்பாவே காத்திருந்தது. பனியில் வீங்கிய ஆன்செல்மின் காலிலிருந்து பூட்ஸ் கழலவில்லை.

“உங்க ராஜா வரலையா?” என்றாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த மணப்பெண், இளவரசி ஒடிலா.

“அவருக்குக் குளிர் ஒத்துக்காதும்மா.”

கட்டிலின் எதிர்ப்பக்கம் தென்னாட்டுத் தூதரின் பூட்ஸ் ஒன்று கழன்று விழுந்தது. ஆன்செல்ம் கண்களை மூடிக்கொண்டார். போட்டி முடிந்ததில் அப்பாடா என்றிருந்தது, அது வெட்கமாகவும் இருந்தது.

திறந்தபோது, ஒடிலா கைகால்களை அகட்டிக் கட்டில் முழுவதையும் அடைத்துப் படுத்திருந்தாள். விரல் வைக்கவும் இடமில்லை.

“ரெண்டு பேரும் கணப்புகிட்ட போய் உக்காருங்க,” என்றாள். “வந்த களைப்பு தீரட்டும்.”